குடம் வளர்த்த கொசு

ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில் அமெரிக்காவின் லரேடோ; தென்கரையில் மெக்சிகோவின் நுவோ லரேடோ. நடுவே பாலங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே வெயில், ஒரே மழை. கொள்வினை கொடுப்பினையும் உண்டு. 1999இல் அங்கே டெங்கு தலைகாட்டியபோது, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த பால் ரைட்டரும் அவருடைய குழுவினரும் இரு கரைகளிலும் வீடு வீடாகப் போய் மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தொட்டி, டயர், வாளி என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் கொசுப்புழுவைத் தேடினார்கள். புழு இருந்த கலன்கள் லரேடோவில்தான் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அண்மையில் டெங்கு தொற்றியதற்கான அடையாளம் லரேடோவில் நூற்றுக்கு 1.3 பேரின் ரத்தத்தில்தான் இருந்தது. நுவோ லரேடோவில் அது 16 பேர். கொசு மிகுந்த கரையில் நோய் குறைவு, கொசு குறைந்த கரையில் நோய் மிகுதி.

லரேடோவில் ஐந்தில் நான்கு வீடுகளில் ஏ.சி. இருந்தது. நுவோ லரேடோவில் நாலில் ஒரு வீட்டில்கூட இல்லை. ஏ.சி. ஓடும் வீட்டில் சன்னலும் கதவும் சாத்தியிருக்கும். வெளியே கொசு எவ்வளவு பெருகினாலும் உள்ளே இருக்கும் மனிதரை அது எட்ட முடியாது. லரேடோ மக்களுக்கு டெங்குவைப் பற்றி அதிகம் தெரிந்திருந்ததாலோ, அவர்கள் சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்திருந்ததாலோ வந்த பாதுகாப்பல்ல இது. கொல்லைப்புறத்தைப் பார்த்தால் அவர்களுடையதுதான் மோசம். அவர்கள் வாழ்ந்த விதம் அவர்களுக்குத் தெரியாமலே அவர்களைக் காத்தது.

டெங்கு என்றதும் நமக்குக் கொசு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கொசு எங்கே முட்டையிடும், யாரைக் கடிக்கும், வைரஸை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது மனிதர்களின் நடமாட்டமும் பழக்கமும்தான். இந்தக் கொசு மனிதரைத் தேடி வந்ததே நம் பழக்கம் ஒன்றால்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி முதலில் ஆப்பிரிக்கக் காட்டுக் கொசு. மரப்பொந்தில் தேங்கிய மழைநீரை ஒட்டி முட்டையிட்டு, அகப்பட்ட விலங்கின் ரத்தத்தைக் குடித்து வாழ்ந்தது. ஆப்பிரிக்காவில் இன்றும் அப்படியே வாழும் கூட்டங்கள் உண்டு. மனிதரின் கையையும் வேறொரு விலங்கையும் பக்கத்தில் வைத்தால் அவை விலங்கின் பக்கமே போகின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நோவா ரோஸ், கேரலின் மெக்பிரைடு ஆகியோரின் குழு ஆப்பிரிக்காவில் 27 இடங்களிலிருந்து இந்தக் கொசுவின் முட்டைகளைச் சேகரித்து வளர்த்து, எந்தக் கூட்டத்துக்கு மனித வாடை பிடிக்கிறது என்று சோதித்தது. 2020இல் வெளிவந்த அந்த ஆய்வில், மனிதரை மிகவும் விரும்பிய கொசுக்கள் நீண்ட, கடுமையான வறட்சிக் காலம் உள்ள பகுதிகளிலிருந்து வந்தவையாக இருந்தன. மாதக்கணக்கில் மழை இல்லாத ஊரில் மரப்பொந்து காய்ந்துவிடும். அங்கே தண்ணீர் இருக்கும் ஒரே இடம் மனிதர்களின் குடமும் பானையும். முட்டையிட வந்த கொசு அங்கேயே தங்கி, பக்கத்தில் இருந்தவர்களைக் கடிக்கப் பழகியது. அவர்களுடைய வாடையை மற்ற விலங்குகளின் வாடையிலிருந்து பிரித்தறியும் மூக்கும் தலைமுறை தலைமுறையாக அதற்கு அமைந்தது. சகாரா வறண்டு பாலைவனமாகிய காலத்தை ஒட்டி, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்திருக்கலாம் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. பின்னால் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் அது அமெரிக்கக் கண்டம் போய்ச் சேர்ந்தது. ஆசியாவுக்கும் கப்பலேறியே வந்தது.

ஆக, வறட்சியில் தண்ணீர் சேமிக்கும் மனிதரோடு சேர்ந்து உருவான கொசு இது. மழைக்காலம் முடிந்தால் டெங்கு போய்விடும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பலமுறை பொய்த்ததற்கு இதுவே காரணம். 2012 கோடையில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூரில் டெங்கு பெரிதாகப் பரவியது. குழாயில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் டிரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா, குடம் எல்லாம் நிரம்பியிருக்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கொசுவுக்கு அங்கே குறையில்லை.

வியட்நாமின் கான் ஹோவா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. 2011இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி குழாய்த் தண்ணீர் வசதி குறைவாகவும் மக்கள் நெருக்கம் நடுத்தரமாகவும் இருந்த இடங்களில்தான் டெங்கு அதிகம். சதுர கிலோமீட்டருக்கு 3,000 முதல் 7,000 பேர் வாழும் கிராமங்களும் நகர ஓரங்களும் அவை. நெருக்கம் மிகுந்த நகர நடுவில் குழாய் ஒழுங்காக வந்தது. மக்கள் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. அதனால் அங்கே நோய் குறைவு. "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்று சுவரெழுத்து எழுதும் எந்த உள்ளாட்சியும், தேக்கி வைக்க அவசியமில்லாதபடி தண்ணீர் தருகிறோமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குழாய் வராத நாளுக்காக டிரம்மை நிரப்பி வைக்கும் பெண்ணிடம் விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது அநியாயம்.

அந்த டிரம்மைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எங்கள் தெருவுக்குக் கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த பெண், ஒரு வீட்டின் நீல பிளாஸ்டிக் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். வெளிச்சம் விழுந்ததும் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கூத்தாடிப் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. வீட்டுக்காரம்மா, "நேத்துதான் தண்ணிய மாத்துனேன்" என்றார். "மாத்துனா போதாதுக்கா, உள்சுவத்தத் தேய்க்கணும். முட்டை அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று சொல்லி அந்தப் பெண் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த வளையத்தில், கரித்தூளை ஊதிவிட்டாற்போலக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிளாஸ்டிக் சொரசொரப்பில் அழுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை. தண்ணீரை ஒட்டிய ஈரச் சுவரில் இடுகிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ நூறு. அத்தனையையும் ஒரே இடத்தில் போடாமல் இந்த டிரம்மில் கொஞ்சம், அந்தப் பூந்தொட்டித் தட்டில் கொஞ்சம், மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியில் கொஞ்சம் என்று பல இடங்களில் பிரித்துப் போடும். சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் சாகாது. மாதக்கணக்கில் வறண்டு கிடந்துவிட்டு, தண்ணீர் மட்டம் ஏறி நனைத்ததும் பொரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புகிறவர் அந்த முட்டைகளுக்குத் தேவையானதைத்தான் செய்கிறார். பிரஷ்ஷோ தேங்காய் நாரோ கொண்டு உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவினால் மட்டுமே அவை போகும். முட்டை கொசுவாக நம் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை தேய்த்தால் அதற்குள் ஒரு தலைமுறை பறந்துபோயிருக்கும்.

கொசுவால் டெங்கு வரும் என்று அறியாதவரை இன்று தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்குழந்தையும் சொல்லும். ஆனால் உள்சுவரைத் தேய்க்க வேண்டும் என்பதும், வாரம் ஒருமுறை என்பதும் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன? "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்போம்" என்ற வாசகம் கண்ணில் படும் குப்பையைப் பெருக்கச் சொல்கிறது. சாக்கடையைப் பார்த்து முகம் சுளிக்கச் சொல்கிறது. சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் வேறு கொசு, கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுவே. ஏடிஸ் பகலில் கடிக்கிறது, குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும். சத்தமில்லாமல் கணுக்காலில் வந்து உட்காரும். கட்டிலுக்கடியிலும், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். தெருவில் புகை மருந்து அடிக்கும் வண்டி வந்தால் நாம் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். ஏடிஸும் நம்மோடு வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. புகை வண்டி வந்தால் ஏதோ நடக்கிறது என்று மனதுக்கு ஆறுதலாக இருப்பது உண்மை. அந்த ஆறுதலுக்காகவே மக்கள் புகையைக் கேட்கிறார்கள், அதிகாரிகளும் அனுப்பி வைக்கிறார்கள். தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டையை அந்தப் புகை ஒன்றும் செய்யாது.

கொசு நம் வீட்டில் எப்படிப் பெருகுகிறது என்பது கதையின் ஒரு பாதி. வைரஸ் எப்படி ஊர் சுற்றுகிறது என்பது மறு பாதி. ஏடிஸ் அதிகம் பறக்காது. சாப்பாடும் தண்ணீரும் கிடைத்தால் தன் வாழ்நாளை ஓரிரு வீடுகளுக்குள்ளேயே கழித்துவிடும். சில நூறு மீட்டர் போனாலே அதிகம். அப்படியானால் ஊரின் ஒரு மூலையில் தொடங்கிய டெங்கு சில வாரங்களில் மறு மூலைக்கு எப்படிப் போகிறது?

பெரு நாட்டின் அமேசான் காட்டுக்குள் இருக்கும் இக்கிடோஸ் நகரத்தில் இதற்கு விடை கிடைத்தது. படகிலோ விமானத்திலோதான் அந்த ஊருக்குப் போக முடியும். டெங்கு வந்தவர்களிடம் ஆய்வாளர்கள், கடந்த இரண்டு வாரத்தில் எந்தெந்த வீட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டு, அந்த வீடுகளைத் தேடிப் போய் அங்கிருந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2013இல் வெளியான முடிவு இது: நோயாளியின் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்களா என்பதைவிட, நோயாளி போய்வந்த அதே வீடுகளுக்குப் போய்வருகிறவர்களா என்பதே தொற்றைத் தீர்மானித்தது. மாமா வீடு, தோழி வீடு, பாட்டி வீடு என்று மனிதர்கள் பகலில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் வீடுகளின் வழியாகவே வைரஸ் போனது. கொசு அந்தந்த வீட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊர் சுற்றியவர்கள் மனிதர்கள்.

கொரோனா காலம் இதை வேறொரு விதத்தில் சோதித்துப் பார்த்தது. 2020இல் தென்கிழக்கு ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் 23 நாடுகளின் டெங்குக் கணக்கைப் பார்த்த ஆய்வாளர்கள், வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறத்தாழ 7 லட்சம் நோயாளிகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். பள்ளிகள் மூடியதும், மக்கள் வீட்டுக்கு வெளியே போகாமல் இருந்ததும் அந்தக் குறைவோடு ஒத்துப்போயின. அதே ஆண்டில் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அதுவரை அந்த நாடு காணாத எண்ணிக்கை. அங்கே பகல் முழுக்கக் குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்தவர்கள் வீட்டோடு அடைபட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

சிங்கப்பூரின் கதையில் இன்னொன்றும் உண்டு. 1966இல் அங்கே கொசுப்புழு இருந்த வீடுகள் நூற்றுக்கு 48. வீட்டுச் சோதனை, அபராதம், ஓயாத பிரசாரம் என்று ஒரு தலைமுறை உழைத்து 1980களில் அதை ஏறத்தாழ இரண்டுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ் உட்பட நாலு மொழியிலும் அறிவிப்புகள் போயின. உலகத்தில் இதைவிடக் கட்டொழுங்காக டெங்குவைத் துரத்திய நகரம் குறைவு. ஆனால் நோயே வராமல் வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்பாற்றலும் வராது. டெங்கு வைரஸில் நாலு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு. எனவே கொஞ்சம் கொசு போதும், தீ பிடித்துக்கொள்ள. இதைச் சிங்கப்பூரின் தோல்வி என்று சொல்ல மாட்டேன். பாதுகாத்த பிள்ளைகளைத் தொடர்ந்து பாதுகாத்தே ஆக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, காய்ச்சல் வந்தவரைத் தனியாக வைத்தால் பரவல் நின்றுவிடாதா? நிற்காது. 2013இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு 39 கோடிப் பேருக்கு டெங்கு தொற்றுகிறது. நோயாக வெளிப்படுவது 9 கோடியே 60 லட்சம் பேருக்குத்தான். நாலில் மூன்று பேர் தமக்குத் தொற்றியதே தெரியாமல் வேலைக்குப் போகிறார்கள், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறார்கள். கம்போடியாவில் நடந்த ஆய்வில், அறிகுறியே இல்லாதவர்களைக் கடித்த கொசுக்களுக்கும் வைரஸ் தொற்றியது. காய்ச்சல் வருகிறவருக்கும் ஓரிரு நாள் முன்பிருந்தே ரத்தத்தில் வைரஸ் இருக்கும். கடித்த கொசுவுக்குள் வைரஸ் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேர எட்டு முதல் பன்னிரண்டு நாள். பிறகு அந்தக் கொசு சாகும்வரை, பொதுவாக ஓரிரு வாரம், கடிக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும். ஒருவரிடமே வயிறு நிறையக் குடிக்காமல், கையை அசைத்ததும் பறந்து அடுத்தவர் மேல் உட்காரும் பழக்கம் வேறு அதற்கு.

நோய் இல்லாதவர் பரப்புகிறார், கொடுக்கும் கொசு ஒரு வாரத்துக்குப் பிறகு கொடுக்கிறது என்னும்போது, "எங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை" என்பதில் பொருளில்லை. தெருவில் ஒரு வீடு தொட்டியைத் தேய்த்துப் பத்து வீடு தேய்க்காவிட்டால் அந்த ஒரு வீட்டின் உழைப்பும் வீண். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட இடங்களில்தான் விழிப்புணர்வு பலன் தந்தது.

நிகராகுவாவின் மனாகுவாவிலும் மெக்சிகோவின் கெரெரோ மாநிலக் கடலோரத்திலும் 150 குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பகுதிகளில் வழக்கமான அரசுப் பணி மட்டும். மறு பாதியில் அதனுடன் கூடுதலாக, உள்ளூர்க்காரர்களே வீடு வீடாகப் போய் அந்த வீட்டுத் தண்ணீரிலேயே புழுவைக் காட்டினார்கள்; அதை ஒழிக்க நம் பகுதியில் என்ன செய்யலாம் என்று அங்கிருப்பவர்களையே முடிவுசெய்யச் சொன்னார்கள். புதிதாக எந்த ரசாயனமும் தரவில்லை. 2015இல் வெளிவந்த முடிவில், குழந்தைகளுக்கு டெங்கு தொற்றியது மறு பாதியில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. தடுப்பூசிக்கும் மருந்துக்கும் முன்னால் இது சிறிய எண்ணாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சும் கூட்டமும் மட்டுமே கொண்டு குழந்தைகளின் ரத்தத்தில் வைரஸ் புகுவதை மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் குறைத்திருக்கிறார்கள்.

வியட்நாமில் பிரையன் கே, வூ சின் நாம் ஆகியோர் நடத்திய முயற்சி இன்னும் அழகானது. எல்லாக் கலனையும் ஒழிக்கச் சொல்லாமல், கொசு எதில் அதிகம் பெருகுகிறது என்று முதலில் எண்ணிப் பார்த்தார்கள். பெரிய மண் ஜாடிகளும் சிமெண்டுத் தொட்டிகளும். மாதக்கணக்கில் தண்ணீர் வைக்கும் அவற்றைக் கொட்டச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எனவே மீசோசைக்ளோப்ஸ் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நன்னீர் உயிரியை அந்தத் தொட்டிகளில் விட்டார்கள். அது இளம் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். ஒரு தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு அடுத்த வீட்டுத் தொட்டியில் ஊற்றினால் அங்கேயும் பரவிவிடும். மகளிர் சங்கங்களும் சுகாதாரத் தொண்டர்களும் அதைச் செய்தார்கள். தெருவில் கிடக்கும் டயர், டப்பா, சிரட்டைகளைப் பள்ளிப்பிள்ளைகள் பொறுக்கினார்கள். 2005இல் அவர்கள் இதைப் பற்றி எழுதியபோது 37 கம்யூன்களில் (ஊராட்சி போன்ற பகுதிகளில்) 32இல் ஏடிஸ் எஜிப்டியே இல்லாமல் போயிருந்தது. மக்கள் தண்ணீர் சேமிக்கும் வழக்கத்தை விடவேயில்லை. விடச் சொல்லாததால்தான் வேலை நடந்தது.

காய்ச்சல் வந்த பிறகு நாம் நடந்துகொள்ளும் விதத்திலும் உயிர் இருக்கிறது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது, மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் வருகிறது. உடம்பு சூடு குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டில் மூச்சுவிடும் அதே நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கலாம். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து துவண்டு போவது, சிறுநீர் குறைவது: இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரூபனும் ரத்தக்கசிவைக் கூட்டும். குடும்பங்கள் தட்டணுக்களின் எண்ணிக்கையிலேயே கண்ணாக இருந்து, எண் இறங்கினால் தட்டணு ஏற்றச் சொல்லி மன்றாடுகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த சோதனையில், ரத்தம் கசியாத நோயாளிகளுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. உயிரைக் காப்பது பெரும்பாலும் தக்க நேரத்தில் தக்க அளவில் தரும் நீர்மம்தான். இன்னொன்று, நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்க வேண்டும். அது அவரைவிட அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குத்தான் தேவை.

விழிப்புணர்வு வாசகங்களுக்கும் வயதாகிறது என்பதை யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் காட்டின. ஏடிஸ் நல்ல தண்ணீரில் மட்டுமே வளரும் என்றுதான் எல்லா நாட்டுத் துண்டறிக்கையும் சொல்லிவந்தது. கட்டுப்பாட்டுப் பணியும் அதை நம்பியே நடந்தது. ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும் அவர்களுடைய குழுவினரும் கடற்கரையை ஒட்டிய குடியிருப்புகளில் தேடியபோது, பயன்படுத்தாத கிணறுகளிலும், கைவிட்ட மீன்பிடிப் படகுகளிலும், எறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிக் கலன்களிலும் உவர்நீரில் ஏடிஸ் புழுக்கள் வளர்வதைக் கண்டார்கள். கடல்நீரின் உப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான உப்புவரைகூட அவை தாங்கின. 2011இல் இது வெளிவந்தது. ஆறு ஆண்டு கழித்து, 2017இல் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று மூடாமல் விட்டுவிடும் கரையோர வீடுகள் அங்கே ஏராளம், தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் ஏராளம். குடிக்க ஆகாத அந்தக் கிணற்றையும் கொசு ஒழிப்புப் பணியாளர் எட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் அதற்கும் ஒரு மூடி போட வேண்டும்.